மாமியாரின் இரைப்பையில் தங்கிய சக்கை உருண்டைக்குச் சமைத்தவர் காரணமா?

சகோதரி, கோலாலம்பூரிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 19 ஆண்டுகளாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு, உள்ள உங்கள் மாமியாருக்கு 68 வயது. மூன்று வாரங்களாக வாந்தி, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் இரைப்பைக்குள் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய சக்கை உருண்டை ஒன்று இருந்தது என்றும், அதில் ஒரு பகுதியை உடைத்து எடுத்துவிட்டு, மீதியைக் கவனிக்க இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோலா குடித்தால் கரையுமா, அறுவை சிகிச்சை தேவைப்படுமா, மறுபடியும் வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டீர்கள். அவற்றுக்குப் பிறகு, போகிற போக்கில் சேர்த்ததுபோல் ஒரு வரி வருகிறது: வீட்டில் சமைப்பது நீங்கள்தான், 'யாரோ சோற்றில் கலந்து வைத்த இடுமருந்தாக இருக்குமோ' என்று உறவினர் சிலர் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அந்த உருண்டைக்கு உங்கள் கை காரணமா என்றால், இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு, எதை உறுதியாகச் சொல்கிறேன், எதில் எனக்கே தயக்கம் இருக்கிறது என்று பிரித்து எழுதுகிறேன்.

நான் பினாங்கில் இரைப்பை, குடல் நோய்ப் பிரிவில் 24 ஆண்டுகள் பணியாற்றியவன். இத்தகைய உருண்டைகள் அரிதானவை. ஆண்டுக்கு இரண்டு மூன்று பார்த்திருப்பேன். உங்கள் மாமியாரை நான் பார்க்கவில்லை, அவருடைய எண்டோஸ்கோப்பி படங்களும் என்னிடம் இல்லை. ஆகவே நோயின் பொதுவான போக்கை என்னால் சொல்ல முடியும். அவருக்கு அடுத்து என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

செரிக்காத பொருள்கள் இரைப்பையிலோ குடலிலோ தங்கி, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு நிற்பதை மருத்துவத்தில் பீசோர் என்கிறோம். நஞ்சுமுறி என்று பொருள்படும் பழைய பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆடு, மான் போன்ற விலங்குகளின் வயிற்றில் விளையும் கல் நஞ்சை முறிக்கும் என்று பல நூற்றாண்டுகள் உலகம் நம்பியது. நம் மலேசியாவில் முள்ளம்பன்றியின் வயிற்றுக் கல்லைக் கெலிகா என்று சொல்லி இன்றும் பெரும் விலைக்கு விற்கிறார்கள். அது எந்த நோயையும் குணமாக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை, அதற்காக வேட்டையாடப்படும் முள்ளம்பன்றிகள்தான் குறைகின்றன. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோரோசனையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல், வயிற்றில் திரண்ட சக்கை இல்லை.

உருண்டை எப்படி உண்டாகிறது என்பதில் மருத்துவ உலகத்துக்குப் பெரிய சந்தேகம் எதுவும் கிடையாது. இரைப்பையின் கீழ்ப்பகுதி ஆட்டுக்கல்லைப் போல வேலை செய்கிறது. உணவை அரைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியான பிறகுதான் அதைச் சிறுகுடலுக்குள் விடுகிறது. எவ்வளவு அரைத்தாலும் பொடியாகாத நார், தோல், விதை எல்லாம் பின்தங்கிவிடும். சாப்பாடு இறங்கி வயிறு காலியான பிறகு, ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒரு முறை, இரைப்பையிலிருந்து வலுவான அலை ஒன்று கிளம்பிச் சிறுகுடலின் கடைசி வரை சென்று, அந்த மிச்சங்களைத் தள்ளிக்கொண்டு போகும். வீடு பெருக்கும் அலை என்ற பொருளில்தான் மருத்துவ நூல்களும் அதற்குப் பெயர் வைத்திருக்கின்றன. இனிப்புநீர் பல ஆண்டுகள் நீடித்தால் இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு பழுதடையக்கூடும். அப்போது அரைப்பதும் மந்தமாகிறது, பெருக்கும் அலையும் வலுவிழக்கிறது அல்லது வராமலே போகிறது. நேற்றுப் பெருக்காத மிச்சத்தின் மேல் இன்றைய மிச்சம் சேர்கிறது. சளி அதைப் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. சில வாரங்களில் அது உருண்டையாகிவிடுகிறது.

முந்தைய இரவு சாப்பிட்ட சோறு மறுநாள் காலை வாந்தியில் அப்படியே வந்தது என்று எழுதியிருந்தீர்கள். மந்தமான இரைப்பைக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். இனிப்புநீர் உள்ள எல்லாருக்கும் உருண்டை வருவதில்லை, மிகச் சிலருக்கே வருகிறது. ஆனால் வந்தவர்களை எடுத்துப் பார்த்தால் மந்தமான இரைப்பைதான் அடிக்கடி பின்னால் நிற்கிறது. எனக்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் வேறொரு கூட்டத்தைப் பார்த்தார்கள்: குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியையும் வேகஸ் நரம்பையும் வெட்டி எடுக்கப்பட்டவர்கள். 1976இல் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் என்ற மருந்து வந்தது. 1980களில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் புண்ணுக்குக் காரணமான கிருமியை அடையாளம் காட்டினார்கள். அதன் பின் அந்த அறுவை சிகிச்சை அருகிப்போனது. உங்கள் மாமியாரின் மேல்வயிற்றில் பழைய தையல் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி நீங்கள் சமைத்ததற்கு வருகிறேன். கிளினிக்கில் நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னதால் கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், ஓட்ஸ் என்று பார்த்துப் பார்த்துச் சமைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிவுரை தவறில்லை. இனிப்புநீர் உள்ள பெரும்பாலோருக்கு அது நல்லதுதான். இரைப்பை மந்தமானவர்களுக்கு மட்டும் அது தலைகீழாகிவிடும். அவர்களுக்கு நார் குறைந்த, மசிந்த உணவே ஏற்றது. அந்த மந்தம் இருப்பதை மருத்துவமனையே இப்போதுதான் கண்டுபிடித்திருக்கும்போது, உங்களுக்கு முன்பே எப்படித் தெரிந்திருக்கும்? ஐந்து பேர் சாப்பிட்ட அதே குழம்பு நால்வருக்கு இறங்கிப் போயிருக்கிறது. குழம்பில் குற்றம் இருந்திருந்தால் அது ஒருவரை மட்டும் தேடிப் பிடித்திருக்காது.

இத்தகைய உருண்டையை வெளியே எடுத்து, எஃகுத் தட்டில் வைத்து, தண்ணீர் ஊற்றி இடுக்கியால் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். வெளிப்புறம் பச்சையும் பழுப்புமாக, ஊறிய தேங்காய் நாரைப்போல் இருக்கும். பிரிக்கப் பிரிக்க மிளகாய்த் தோல் வரும், சுருண்ட தக்காளித் தோல் வரும், முருங்கைக்காய் நார் இழை இழையாக வரும், இலை கரைந்துபோய் நடுநரம்பு மட்டும் எஞ்சிய கறிவேப்பிலை வரும். நம்மவர் வயிற்றிலிருந்து எடுத்த உருண்டைகளில் அந்தக் கறிவேப்பிலை நரம்பை நான் தவறாமல் பார்த்திருக்கிறேன். மென்று தின்றால் அது அப்படி முழுதாக இருக்காது. உங்கள் கேள்வியின் நடுவே, கீழ்ப் பல்செட் ஈறில் உரசுவதால் ஓராண்டாக அதைப் போடாமலே மாமியார் சாப்பிடுகிறார் என்று ஒரு சிறு குறிப்பு இருந்தது. என்னைப் பொறுத்தவரை நீங்கள் எழுதியவற்றில் மிக முக்கியமான செய்தி அதுதான்.

சில வேளைகளில் தட்டில் மாத்திரைகளும் முழுதாகக் கிடைக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்ட சில மாத்திரைகளின் மேலுறை கரையாதது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஒருவகை நிஃபெடிபின் அப்படிப்பட்டது. புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட்டும் கட்டியாகத் திரளக்கூடியது. வேறு சில மருந்துகள் இரைப்பையின் ஓட்டத்தையே குறைத்துவிடும். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், வலிக்குத் தரும் டிராமடோல், இனிப்புநீருக்கும் எடைக்குறைப்புக்கும் வாரம் ஒரு முறை போடும் செமக்ளுடைட் ஊசி ஆகியவை அந்த வகை. தைராய்டு குறைந்தாலும் ஓட்டம் குறையும். ஆகவே மருந்துப் பையை அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இடுமருந்தைப் பற்றி எழுதாமல் விடுவது உங்களுக்கு நியாயம் செய்ததாகாது. நான் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். மருந்து எடுப்பவர் ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வயிறு உப்பியவர்களும் சோறு பிடிக்காதவர்களும் அவர் முன்னால் உட்காருவார்கள். எதையோ குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்து, முடி சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை இலையில் வைத்துக் காட்டுவார். அதை நம்பியவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். வலி உண்மையானது, பக்கத்தில் மருத்துவர் இல்லை, காரணம் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால் இத்தனை ஆண்டுகள் இந்த உருண்டைகளைக் கையில் எடுத்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். இரைப்பையில் திரண்ட உருண்டை அவ்வளவு எளிதாக வாய்வழியே வெளியே வராது. உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகிய தசைக்குழாய். மயக்கமருந்து கொடுத்து, கம்பி வளையத்தால் வெட்டி, தண்ணீர் பீய்ச்சி, துண்டு துண்டாக எடுக்கவே எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாரோ ஒரு நாள் சோற்றில் கலந்து கொடுத்த பொருள் உருண்டையாக உட்கார்ந்துகொள்வதும் இல்லை. பல வாரச் சாப்பாட்டின் மிச்சம் சேர்ந்தால்தான் அந்த அளவு வரும். மருத்துவர்கள் எடுத்த துண்டுகளில் என்ன இருந்தது என்று கேளுங்கள். உறவினர் யாராவது கூட வந்து அந்தப் பதிலை நேரில் கேட்டால் இன்னும் நல்லது.

மருந்து எடுக்க மாமியாரைக் கூட்டிப் போக வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். வயிறு நிறையச் சக்கை இருக்கும் முதியவரை வலிய வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம், உணவுக்குழாய் கிழியலாம். இன்சுலின் போடுபவருக்கு உடலில் நீர் வற்றினால் ஒரே நாளில் நிலைமை கைமீறிவிடும்.

முடி உருண்டை என்பது உண்மையிலேயே உண்டா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். உண்டு, ஆனால் அது வேறு கதை. தன் முடியைத் தானே பிடுங்கி விழுங்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சிறுமிகளும் இளம்பெண்களும். முடி செரிக்காது, வழுவழுப்பாக இருப்பதால் அலைக்கும் அகப்படாமல் இரைப்பையின் மடிப்புகளில் சிக்கிக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயிற்றைத் திறந்தபோது நானும் அறையில் இருந்தேன். வெளியே வந்தது இரைப்பையின் வடிவத்தையே அச்செடுத்ததுபோல் வளைந்து, கரேலென்று, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. அந்த நாற்றத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அவளுடைய தாய் தினமும் தலைவாரிப் பூ வைத்து அனுப்பியவர். உச்சந்தலைக்குப் பின்னால் முடி மெலிந்திருந்ததை எண்ணெய் தேய்க்கும்போது பார்த்ததாகவும், பள்ளிப் பரீட்சைக் கவலையால் கொட்டுகிறது என்று எண்ணியதாகவும் சொல்லி அழுதார். அந்த உருண்டையின் வால் சிறுகுடலுக்குள் நீண்டிருந்தால் அதற்கு, நீண்ட கூந்தல் கொண்ட கதைநாயகி ஒருத்தியின் பெயரால், ரபுன்சல் நோய்க்குறி என்று 1968இல் பெயர் வைத்தார்கள். அந்தச் சிறுமிக்கு அறுவை சிகிச்சையைவிட அதன் பிறகு கிடைத்த மனநல மருத்துவரின் உதவிதான் பெரிது. அதுவும் யாரும் வைத்ததன்று, அவளுடைய தவறும் அன்று. உங்கள் மாமியாருக்கு இருப்பது இந்த வகை இல்லை என்பது, எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது சக்கை உருண்டை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

கோலாவைப் பற்றிக் கேட்டதற்குச் சிரிக்க வேண்டியதில்லை. அது உண்மையான சிகிச்சைதான். கிரேக்க மருத்துவர்கள் 2002இல் அதைப் பற்றி முதலில் எழுதினார்கள். 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வில் 46 நோயாளிகளின் விவரம் இருந்தது: கோலா மட்டுமே கொடுத்ததில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உருண்டை முழுதும் கரைந்தது, எண்டோஸ்கோப்பியும் சேர்ந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் கிடைத்தது. அதன் அமிலமும் கரிமக் காற்றுக் குமிழிகளும் நார்களுக்கிடையே புகுந்து இளக்குகின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அது நிறுவப்பட்ட உண்மை என்பதைவிட நியாயமான ஊகம் என்பதே சரி. பலன் கிடைத்தவர்களைப் பற்றி எழுதுவதும் கிடைக்காதவர்களைப் பற்றி எழுதாமல் விடுவதும் மருத்துவத்தில் வழக்கம் என்பதால், அந்த எண்களைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வீட்டில் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பல மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் கொடுக்கும் சிகிச்சை அது. சர்க்கரையுள்ள கோலா அவருக்கு ஆகாது, சர்க்கரை சேர்க்காத வகையும் பலன் தருவதாகப் பதிவாகியிருக்கிறது. அதைவிடப் பெரிய அபாயம், பாதி கரைந்த உருண்டை உடைந்து சிறுகுடலில் இறங்கி அங்கே அடைத்துக்கொள்வது. இரைப்பையில் இருக்கும்வரை அவகாசம் உண்டு. குடலில் அடைத்தால் அது அவசர நிலை.

பப்பாளியும் அன்னாசியும் கரைக்கும் என்று அண்டை வீட்டார் சொன்னதற்கு என் பதில் சுருக்கமானது. பப்பாளியின் நொதி புரதத்தை உடைக்கும், நாரை உடைக்காது. அன்னாசி தானே நார் நிறைந்தது. நாரை உடைக்கும் செல்லுலேஸ் என்ற நொதி வேறு. அதை மருத்துவர்தான் தர வேண்டும்.

அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்றால், ஒரு பகுதி ஏற்கெனவே உடைந்து வந்துவிட்டதால் பெரும்பாலும் தேவைப்படாது என்று எதிர்பார்க்கிறேன். மென்மையான நார் உருண்டைகள் எண்டோஸ்கோப்பிக்கே மசிந்துவிடும். கடினமானவை வேறு, பிசாங் காக்கி என்று இங்கே சொல்லப்படும் பெர்சிமன் பழத்தால் உண்டாவது அவற்றுள் மோசமானது. அதன் துவர்ப்புப் பொருள் இரைப்பை அமிலத்தில் பட்டுப் பசையாகி, பிறகு கல்லாகிவிடுகிறது. சீனப் பெருநாளுக்கு அக்கம்பக்கத்தார் அன்போடு கொடுக்கும் உலர்ந்த பிசாங் காக்கியை உங்கள் மாமியார் அண்மையில் சாப்பிட்டாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இனி அந்தப் பழம் அவருக்கு வேண்டாம். வயிறு உப்பிக்கொண்டு, முறுக்கு முறுக்காக வலித்து, பச்சையாக வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் இருந்தாலோ, வாந்தியில் காப்பித்தூள் போன்ற நிறம் தெரிந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

மறுபடியும் வருமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், இரைப்பை மந்தமாகவே இருந்தால் வரலாம் என்பதுதான். பழுதடைந்த நரம்பு பழைய நிலைக்கு முழுதும் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பதே இரைப்பையை மேலும் மந்தமாக்குகிறது என்பதால், அதைச் சீராக்கினால் ஓரளவு பலன் உண்டு. இன்சுலினைச் சாப்பாட்டுக்கு முன் போட்டும் சாப்பாடு இறங்காமல் நின்றால் முதலில் சர்க்கரை தாழ்ந்து, சில மணி நேரம் கழித்து ஏறும்; அப்படி ஏறி இறங்குகிறதா என்று ஒரு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால், ஊசி போடும் நேரத்தை மாற்ற அவருக்கு உதவும். ஓட்டத்தைக் கூட்டும் மெட்டோக்ளோப்ரமைடு போன்ற மாத்திரைகளைக் குறுகிய காலத்துக்குத்தான் தர முடியும். 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் முகமும் நாக்கும் தானாக அசையும் பக்கவிளைவு வரலாம், முதியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

சாப்பாட்டை மூன்று வேளைக்குப் பதில் ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குழைந்த சோறு, மசித்த பருப்பு, முள் நீக்கிய மீன், தோலும் விதையும் நீக்கி வேகவைத்த காய், ரசம் ஆகியவை ஏற்றவை. மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொடுத்துக்கொண்டிருந்தால், அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீர் போதாமல் போனால் அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். தாளித்த கறிவேப்பிலையைப் பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள். பல்செட்டுக்கு இந்த வாரமே பல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ஈறில் உரசும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது பல நேரங்களில் ஒரே வருகையில் முடிகிற வேலை. முருங்கைக்காய் சாம்பார் அவருக்கு உயிர் என்று எழுதியிருந்தீர்கள். உருண்டை முழுதும் போய்விட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு அதைத் தாராளமாக வையுங்கள். காயைக் கரண்டியால் வழித்து, நாரையும் விதையையும் ஒதுக்கிவிட்டு, சதையை மட்டும் சாம்பாரில் கரைத்து அவருக்கு ஊற்றுங்கள்.